ஆயுத பூஜையன்று அணைத்த இன்குபேட்டர்

சென்ற மாதம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்காக என் பழைய ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்து வேலை செய்த மேசையில் இப்போது ஒரு கருவி இருக்கிறது. கிருமி வளர்த்த பிளேட்டை அதன் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால், மேலே இருக்கும் கேமரா படம் பிடித்து, ஒவ்வொரு மருந்தைச் சுற்றியும் கிருமி வளராமல் நின்ற வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று திரையில் காட்டிவிடுகிறது. என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அதைப் பெருமையோடு இயக்கிக் காட்டினாள்.

"நீங்கள்லாம் ஸ்கேல் வெச்சா மேடம் அளந்தீங்க? தப்பு வராதா?"

"வரும். ஆனா எங்களுக்கு வந்ததுலயே பெரிய தப்பு ஸ்கேலால வரல."

"பின்ன எதனால வந்துச்சி?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இப்போது டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கடலூரில், செம்மண்டலத்தில் இருப்பவள். படித்தது லேப் டெக்னீஷியன் படிப்பு. முதல் இருபது வருடங்கள் ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் சர்க்கரை, உப்பு, ரத்த அணுக்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 2004-இல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறைக்கு மாறினேன். மாணவர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 2012-இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான். ரயில் பாதையை அகலப்படுத்த மூடியிருந்த வருடங்களில் தினமும் பஸ். ஜன்னல் ஓர இருக்கை கிடைத்த நாட்களைக்கூட டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது. கிருமியை உப்பு நீரில் கலக்க வேண்டும். கலங்கல் சரியான அளவில் இருக்கிறதா என்று அறிய, அந்தக் குழாயை அட்டையில் வரைந்த கறுப்புக் கோடுகளுக்கு முன்னால் பிடித்து, அளவு தெரிந்த இன்னொரு குழாயோடு ஒப்பிட வேண்டும். பிறகு கிருமிக்கு உணவான கூழ் உறைந்த வட்டத் தட்டில், அதாவது பிளேட் முழுக்க, பஞ்சுக் குச்சியால் பூச வேண்டும். அறுபது டிகிரி திருப்பி மறுபடியும், இன்னொரு முறை திருப்பி மறுபடியும். அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைக்க வேண்டும். அவற்றை நாங்கள் டிஸ்க் என்போம். இன்குபேட்டர் என்கிற வெப்பப் பெட்டியில் பதினெட்டு மணி நேரம் விட்டால் கிருமி ஒரு மெல்லிய பாய் போல வளர்ந்திருக்கும். மருந்துக்குப் பயந்த கிருமியானால் டிஸ்கைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். பயப்படாத கிருமி டிஸ்க் வரைக்கும் வந்து நிற்கும். வட்டத்தின் குறுக்களவை அளந்து அட்டவணையில் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். இதை ஆயிரம் முறை செய்திருப்பேன். ஆனாலும் காலையில் இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் பரபரக்கும்.

எங்கள் துறைத் தலைவர் பேராசிரியர் தேவநாதன். யாரையும் 'சரி' என்றோ 'தப்பு' என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பார். நான் சேர்ந்த வருடம் முதுகலை மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தி அவர் மேசையில் அடுக்கினேன். எல்லாவற்றையும் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"ஸ்டெல்லா, இந்த வருஷம் நம்ம பசங்களுக்கு ஒத்தப்படை எண்ணே வரலியா?"

திருப்பி வாங்கிப் பார்த்தேன். 14, 18, 22, 18. ஒரு நோட்டில்கூட ஒற்றைப்படை இல்லை. விசாரித்ததில், ஏதோ ஒரு வருடத்து மாணவர் கணக்குப் பெட்டியிலிருந்த காம்பஸால் ஆரத்தை அளந்து அதை இரண்டால் பெருக்கியிருக்கிறார். அதன்பின் வந்த ஒவ்வொரு வகுப்பும் மூத்த வகுப்பைப் பார்த்து எழுதியிருக்கிறது. எத்தனை வருடமாக என்பது தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் இரண்டு சீட்டு முறையைக் கொண்டுவந்தார். ஒரே பிளேட்டை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும். வாயால் எண்ணைச் சொல்லக் கூடாது. சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகு அவர் பிரிப்பார். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். மாணவர்கள் இதை 'சீட்டுக் குலுக்கல்' என்று கேலி செய்தார்கள். "சார், எனக்குச் சீட்டு விழுந்தா என்னா சார் பரிசு?" என்று ஒருவன் கேட்டான். "இன்னொரு பிளேட்" என்றார் சார்.

2008-இல் நஸ்ரின் என்ற மாணவி ஆய்வு செய்துகொண்டிருந்தாள். லால்பேட்டைப் பெண். கேள்வி கேட்பதில் சாரையே மிஞ்சுவாள். கடலூரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் அனுமதி வாங்கி, ஆறாத புண்களிலிருந்து சீழ் மாதிரிகளை எடுத்து, அதிலுள்ள கிருமிகளுக்கு எந்த மருந்து கேட்கிறது என்று பார்ப்பது அவள் ஆய்வு. மாதிரிகளுக்கு எண் மட்டும்தான் உண்டு, பெயர் கிடையாது. முடிவுகள் ஆராய்ச்சிக்கு மட்டும், சிகிச்சைக்கு அல்ல என்று ஒப்புதல் கடிதத்திலேயே எழுதியிருந்தது.

அந்த மாதிரிகளைத் தினமும் பெட்டியில் கொண்டுவந்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர் ராஜவேலு. நெல்லிக்குப்பத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். இயற்பியல் துறையிலிருந்து அந்த வருடம்தான் எங்களிடம் மாற்றலாகி வந்திருந்தார். இருபத்தேழாம் எண் மாதிரி அவருடைய மனைவியின் அண்ணன் கலியபெருமாளுடையது. குழாயை அவரே வாங்கி வந்ததால் எண் அவருக்குத் தெரியும்.

கலியபெருமாள் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். கரும்புக் கொல்லையில் வெறுங்காலோடு இறங்கியபோது வெட்டிய கரும்புக் கட்டை வலது கால் கட்டைவிரலில் குத்திவிட்டது. சர்க்கரை நோயும் இருந்ததால் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. வலது கால்தான் டிராக்டரில் பிரேக் மிதிக்கும் கால்.

"மேடம், நம்ம மச்சான் பிளேட்டு என்னா சொல்லுது?" என்று ராஜவேலு ஒரு மாலை கேட்டார்.

அந்தக் கிருமி, சீழ்ப் புண்களில் அடிக்கடி காணும் ஸ்டாஃபிலோகாக்கஸ். அவருக்கு மருத்துவமனையில் கொடுத்துவந்த மருந்தின் இனத்தைச் சோதிக்க ஆக்சசிலின் டிஸ்க் வைத்திருந்தோம். நஸ்ரின் சீட்டில் 16. என் சீட்டிலும் 16. பதின்மூன்றுக்கு மேல் இருந்தாலே மருந்து கேட்கும் என்பது அட்டவணை. கறுப்புத் துணியின் மேல் வைத்து நானே பார்த்த சுத்தமான வட்டம்.

"குடுக்கற மருந்து நல்லாவே கேக்குது. பயப்படாதீங்க" என்றேன்.

சொல்லக் கூடாது என்பது தெரியும். ஒரு மனிதர் கவலையோடு கேட்கும்போது வாயில் வந்துவிட்டது. ராஜவேலு அதை அப்படியே டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மருந்தை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த டாக்டர், கல்லூரி ஆய்வகமே சொல்கிறது என்று அதே மருந்தின் அளவைக் கூட்டிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆயுத பூஜை வந்தது. புதனும் வியாழனும் விடுமுறை. செவ்வாய் மாலையே அலுவலகத்தில் பூஜை போட்டுவிடுவது வழக்கம். நஸ்ரின் தன் மாதிரிகளை இரண்டாம் முறை சோதித்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் மூன்றரைக்கு இருபத்தைந்து முதல் முப்பது வரையுள்ள பிளேட்டுகளை இன்குபேட்டரில் வைத்தாள். விடுமுறையானாலும் புதன் காலை வந்து அளந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். நானும் சம்மதித்தேன். நான் கிறிஸ்தவப் பெண், அவள் முஸ்லிம். இரண்டு பேர் வீட்டிலும் அந்தப் பூஜை இல்லை. முந்தைய வருடங்களில் இருந்த உதவியாளர் ஓடிக்கொண்டிருக்கும் இன்குபேட்டருக்கே சந்தனப் பொட்டு வைத்துவிடுவார். அதனால் எனக்கு வேறு யோசனை வரவில்லை.

புதன் காலை பத்து மணிக்கு நஸ்ரின் போனில் கூப்பிட்டாள்.

"மேடம், ரூம் பூட்டியிருக்கு. வாட்ச்மேன் தொறக்க மாட்டேங்கறாரு. பூஜ போட்ட ரூமாம், வெள்ளிக்கெழமதான் தொறப்பாங்களாம். நான் லால்பேட்டையிலேர்ந்து வந்திருக்கேன்னா, 'நீ டெல்லிலேர்ந்து வந்தாலும் சாமி சாமிதாம்மா'ங்கறாரு."

"சரி விடும்மா. வெள்ளிக்கிழம திரும்பப் போட்டுக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தோம். ஊதுவத்தி வாசனை இன்னும் போகவில்லை. மைக்ராஸ்கோப்புகளுக்குக் குங்குமம், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு மாலை, மேசையில் பொரியும் கடலையும். இன்குபேட்டரின் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. அதன் விளக்கு எரியவில்லை. உள்ளே தெர்மாமீட்டர் 29 காட்டியது.

"ராஜவேலு, இத யாரு அணைச்சது?"

"நாந்தான் மேடம். பூஜ போட்டா மிஷினுக்கு ரெஸ்டு குடுக்கணும் இல்ல? பிஸிக்ஸ்ல எல்லாத்தயும் புடுங்கிப் போட்டுருவோம். எதுனா தப்பாயிடுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் நஸ்ரின் பிளேட்டுகளை வெளியே எடுத்து அடுக்கிவிட்டாள். எல்லாவற்றிலும் கிருமி வளர்ந்திருந்தது. குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்றை எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"மேடம், இருவத்தேழப் பாருங்க."

ஆக்சசிலின் வட்டம் இருந்தது. ஆனால் வட்டத்துக்குள் மணல் தூவினாற்போல நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் புள்ளிகள். டிஸ்கின் ஓரம் வரைக்கும் கிருமி. மற்ற ஐந்து பிளேட்டுகளிலும் வட்டம் சுத்தமாக இருந்தது.

சாரைக் கூப்பிட்டோம். நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் அந்தப் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராஜவேலு சுவரோரம் நின்றிருந்தார். மெமோ கொடுப்பார்கள் என்று பயம்.

"ராஜவேலு, எத்தன மணிக்கு ஸ்விட்ச அணைச்சீங்க?"

"சரியா தெரியாதுங்க சார். செவ்வாக்கெழம ராகு காலம் நாலரைக்கு முடிஞ்சிச்சி. முடிஞ்ச ஒடனே அணைச்சிட்டு, பொட்டு வெச்சி, சூடம் ஏத்தினோம்."

"நாலரைன்னு எழுதிக்குங்க ஸ்டெல்லா" என்றார் சார். "இவ்வளவு துல்லியமா நேரம் சொன்னவங்க இந்த டிபார்ட்மெண்ட்லயே கெடையாது."

ஆக, பிளேட்டுகள் ஒரு மணி நேரம் 37 டிகிரியில் இருந்திருக்கின்றன. மீதி அறுபத்து நான்கரை மணி நேரம் அறை வெப்பத்தில். விதிப்படி அந்தச் சோதனை செல்லாது. அவர் பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு நஸ்ரினைப் பார்த்தார்.

"இது ஏன்?"

"வெளிக்கிருமி விழுந்திருக்கலாம் சார்."

"இன்னொண்ணு?"

"மூணு நாள் ஆயிடுச்சி. மருந்து வீரியம் போயி, அப்புறம் மொளச்சிருக்கலாம்."

"இன்னொண்ணு?"

அவள் யோசித்தாள். "சூடு கொறஞ்சதாலயா சார்? ஆனா சூடு கொறஞ்சா கிருமி வீக்கா இல்ல ஆகணும்? இது எதுத்து நிக்குதே?"

"தெரியாது" என்றார் சார். தெரியாது என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். அன்றும் வந்தது.

எனக்கு வரவில்லை. இருபத்தேழாம் எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். ராஜவேலுவின் பக்கம் திரும்பி, மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழம பாதத்துல பாதிய எடுத்துருவாங்களாம் மேடம். அந்த மருந்து நல்லா கேக்குதுன்னு நீங்க சொன்னத டாக்டர்கிட்டச் சொன்னேன். டபுளா குடுத்தாரு. அப்பவும் ஏறிக்கிட்டே போவுது."

 சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"எந்தத் தேதியில சொன்னீங்க?"

டைரியைப் பார்த்துச் சொன்னேன். மூன்று வாரமும் ஒரு நாளும்.

"செவ்வாய்க்கு இன்னும் நாலு நாள் இருக்கு. மூணு கேள்வியையும் தனித்தனியா பிரிக்கணும்" என்றார்.

அன்றே வட்டத்துக்குள்ளிருந்த புள்ளிகளை ஊசியால் தொட்டெடுத்துத் தனிப் பிளேட்டில் கோடுகோடாக இழுத்துப் பூசினேன். சனிக்கிழமை காலை அதே ஸ்டாஃபிலோகாக்கஸ், மஞ்சள் நிறத்தில், கலப்பே இல்லாமல் வளர்ந்திருந்தது. மைக்ராஸ்கோப்பிலும் அதுவே. வெளிக்கிருமி இல்லை, முதல் கேள்வி முடிந்தது.

சனி மதியம் மூன்றரைக்கு நஸ்ரினிடம் சேமிப்பில் இருந்த இருபத்தேழாம் எண்ணையும், மருந்துக்குக் கட்டாயம் அடங்கும் என்று தெரிந்த ஒரு பழைய கிருமியையும் புதிதாகப் பிளேட்டுகளில் பூசினோம். ஒரு தொகுதி எப்போதும்போல 37 டிகிரியில். இன்னொரு தொகுதி, பூஞ்சைகளுக்காக வைத்திருந்த இன்குபேட்டரை 30-க்குத் திருப்பி அதில். மூன்று நாள் விடப்போவதில்லை. ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று முடிவு. ராஜவேலு இரண்டு இன்குபேட்டரின் ஸ்விட்சுகளின் மேலும் பிளாஸ்திரி ஒட்டினார். 'சாமியே வந்தாலும் அணைக்காதே' என்று அதில் எழுதியிருந்தார்.

ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. ஒன்பதரை மணிக்கு முதல் அளவு. 37 டிகிரியில் 16, சுத்தம். 30 டிகிரிப் பிளேட்டில் வட்டத்துக்குள் ஏதோ மங்கலாக இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மதியம் மூன்றரைக்கு இருபத்து நாலு மணி நேரம் நிறைந்தது. 30 டிகிரிப் பிளேட்டில் வெள்ளிக்கிழமை பார்த்த அதே மணல். பழைய கிருமியின் வட்டமோ இரண்டு சூட்டிலும் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மருந்தில் குறையில்லை, மூன்று நாள் காத்திருந்ததும் காரணமில்லை. சூடு குறைந்தால்தான் இருபத்தேழு தன் எதிர்ப்பைக் காட்டுகிறது.

சார் 37 டிகிரிப் பிளேட்டை எடுத்து, கறுப்புத் துணியின் மேல் வைக்காமல் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நானும் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு புகை வட்டத்துக்குள் இருந்தது. பதினெட்டு மணி நேரத்தில் இல்லாதது, இருபத்து நாலு மணி நேரத்தில் வந்திருக்கிறது. வெளிச்சத்தை ஊடுருவிப் பார்த்தால்தான் தெரிகிறது.

அப்போது நஸ்ரின் டிஸ்க் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்து.

"சார், இதுல போட்டிருக்கு. இந்த மருந்துக்கு மட்டும் முப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போகக் கூடாதாம். முழுசா இருவத்தி நாலு மணி நேரம் வெக்கணுமாம். வெளிச்சத்துல புடிச்சிப் பாக்கணுமாம்."

 எத்தனையோ பெட்டிகளை நான் பிரித்திருக்கிறேன். அந்தத் தாளை ஒழுங்காக நான்காக மடித்து, திரும்பவும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். படித்ததில்லை. மனிதனைத் தாக்கும் கிருமி மனித உடம்பின் சூட்டில்தானே வளர வேண்டும் என்று 37-இல் வைத்தோம். எல்லா மருந்துக்கும் அதுவே, எல்லா வருடமும் அதுவே.

"நானும் படிச்சதில்ல" என்றார் சார்.

திங்கள் காலை அவர் கையாலேயே கடிதம் எழுதினார். நான்கு வரிகள். இருபத்தேழாம் எண் மாதிரியைப் பற்றி எங்கள் ஆய்வகம் வாய்மொழியாகச் சொன்ன முடிவு தவறு. நாங்கள் சோதித்த முறையில் குறை இருந்தது. திருத்திச் செய்ததில் கிருமி இந்த மருந்தின் இனத்துக்கே அடங்கவில்லை என்று தெரிகிறது. இது மாணவர் ஆய்வகம் என்பதால் வேறொரு மருத்துவ ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளவும். எழுதி முடித்துப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

"சொன்னது நீங்க. மொதக் கையெழுத்து உங்களுது. அடுத்தது என்னுது."

ராஜவேலுவும் நானும் பதினொரு மணி பஸ்ஸில் கடலூர் போனோம். டாக்டர் இளைஞர். கடிதத்தை இரண்டு முறை படித்தார். எப்படித் தெரியவந்தது என்பதை ராஜவேலு சொன்னார்.

"பூஜைக்கு அணைச்சதுனால தெரிஞ்சுதா? இத நான் எந்த ஃபைல்ல வெக்கறது?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய், நாங்கள் மூடி ஒட்டிக் கொண்டுபோயிருந்த இரண்டு பிளேட்டுகளையும் அவரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வேறு இடத்துக்கு மாதிரி அனுப்புவதாகவும், அதற்குள் மருந்தை மாற்றி ஊசியாகப் போடுவதாகவும் சொன்னார். "நாளைக்கு வெட்டல. மூணு நாள் பாக்கறேன். புண்ணு மேல ஏறிச்சின்னா அப்புறம் என்னைத் தடுக்காதீங்க."

வார்டில் கலியபெருமாளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான, உயரமான மனிதர். கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"மருந்து நல்லா கேக்கும்னு சொன்னது நாந்தாங்க. தப்பா சொல்லிட்டேன். அத சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு ராஜவேலுவைப் பார்த்தார். "ஏன் மாப்ள, கலெக்டரே கையெழுத்துப் போட்ட மாதிரி வந்து சொன்னியே?"

"மேடம் சொன்னாங்க மச்சான்..."

"அவங்க சொன்னாங்க. நீ தமுக்கடிச்ச." பிறகு என்னிடம் கேட்டார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. பிரேக்கு மிதிக்க முடியுமா?"

தெரியாது என்றேன். மூன்று வாரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய சொல்.

வெளி ஆய்வகத்தின் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் இரண்டாவது பதிலே சரி. அதற்குள் காய்ச்சல் இறங்கியிருந்தது. மூன்று நாள் கெடு பத்து நாள் ஆனது. கடைசியில் கட்டைவிரலை மட்டும் எடுத்தார்கள். எலும்பு வரைக்கும் போயிருந்ததால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்று வாரம் முன்னாடியே மாற்றியிருந்தால் அந்த விரலும் நின்றிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். மற்றபடி பாதம் முழுதாக நின்றது. அந்தக் கரும்பு அரவைப் பருவத்தில் அவர் டிராக்டர் ஓட்டவில்லை. அடுத்த பருவத்தில் ஓட்டினார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய வாரம் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். கட்டில் கம்பியில் வலது பாதத்தை ஊன்றி அழுத்தி, "பிரேக்கு புடிக்குது பாருங்க" என்று காட்டினார். ராஜவேலுவும் இருந்தார். நடந்தது முழுவதையும், வெப்பப் பெட்டி, பூஜை, மணல் எல்லாவற்றையும் கலியபெருமாள் விவரமாகக் கேட்டுக்கொண்டார். 

"அப்ப, சூடா இருந்தா அந்தக் கிருமி நல்ல புள்ள மாதிரி அடங்கிக் கெடக்குது. சூடு கொறஞ்சா ஆட்டம் போடுது. அப்பிடித்தான?"

"அந்த மருந்து முன்னால, அப்படித்தான்."

"என் ஒடம்பு சூடாத்தான இருக்கு? அப்ப அது அடங்கித்தான இருக்கணும்? அது ஏன் எங்கிட்ட ஆட்டம் போட்டுச்சி?"

 சாரோ நஸ்ரினோ நானோ அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஏதோ தோன்றி அவருடைய இடது பாதத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த வலது கால் விரல்களும் அப்படித்தான். நர்ஸிடம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வாங்கி, விரல்களுக்கு நடுவே வைத்து ஐந்து நிமிடம் பிடித்தேன். பாதரசம் முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. அந்தத் தெர்மாமீட்டரே 35-இலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஆய்வகத்துத் தெர்மாமீட்டரை, சாரிடம் சொல்லி, பருத்தித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். காலை பதினொன்றே கால் மணி. வலது காலில் இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் இடையில் ஐந்து நிமிடம், பிறகு அக்குளில் ஐந்து நிமிடம். காலில் 31. அக்குளில் 37. கால் புண் ஆறாததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது, இரத்த ஓட்டம் குறைவு, அதைச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. இரண்டு எண்கள் மட்டும்தான் எனக்குத் தெரியும். அவற்றை அவரிடம் சொன்னேன்.

கலியபெருமாள் தன் பாதத்தையும் அக்குளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ராஜவேலு பக்கம் திரும்பி, வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"மாப்ள, இத்தினி நாளா இவங்க என் அக்குளுக்குத்தான் டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க!"

பக்கத்துக் கட்டில்காரரும் நர்ஸும் சிரித்துவிட்டார்கள். நான் டைரியைத் திறந்து, தேதிக்குக் கீழே 31, 37 என்று எழுதினேன். அதற்கும் கீழே அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டேன்.